சாலையின் தோள்

நமக்கு அது வெறும் ஓரம்.
ஆங்கிலத்தில் அதற்குத் தோள் என்று பெயர்,
கெட்டித் தோள்.
நின்றுபோன வண்டிகள் சாய்ந்துகொள்ள
நெடுஞ்சாலை இடப்பக்கம் நீட்டிவைத்த
ஒரு வண்டி அகலத் தார்.

நோரிஸ் ஆக்ராய்ட் இருபத்தொன்பது வருடமாக
அந்தத் தோளில்தான் பிழைக்கிறார்.
லாங்கஷயர் முடிந்து யார்க்‌ஷயர் தொடங்கும் மேட்டில்
காற்று கார்க் கதவைப் பிடுங்கப் பார்க்கும்.
மஞ்சள் விளக்கு சுழலும் இழுவை வண்டி,
பிளாஸ்கில் ஆறிப்போன தேநீர்,
இடது தோளில் ஒரு வலி.

டாக்டர் அதற்கு வைத்த பெயர் உறைந்த தோள்.
"தானாக உருகிவிடும், ஒன்றரை வருஷம் ஆகலாம்."
பனியில் வேலை பார்ப்பவனுக்கு
இதைவிடப் பொருத்தமான நோய் கிடைக்குமா என்று
நோரிஸ் சிரித்தார்.
சிரித்தபோதும் வலித்தது.

பிப்ரவரி, இரவு பதினொன்றே கால்.
ஒரு சிறிய சிவப்புக் கார்.
பம்பருக்குக் கீழே பச்சை நீர் ஒழுகிக் கிடந்தது.
தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், விதி சொன்னபடி,
மெரியல் பிராட்பென்ட் நின்றிருந்தாள்,
கையில் குழந்தையை அணைத்தாற்போல் ஒரு பொட்டலத்தோடு.

குழந்தை இல்லை. ஆட்டுத் தோள்.
இரண்டு கிலோ இருநூறு,
கசாப்புக் கடைக்காரர் நூல் சுற்றிக் கொடுத்தது.
"காரிலேயே வைத்திருக்கலாமே."
"லாரி வந்து மோதினால்?"
நியாயம்தான்.

ஹீட்டர் சூடேறியதும் பேச ஆரம்பித்தாள்.
தங்கை தெல்மா, ஹாலிஃபாக்ஸில்.
அம்மாவை அடக்கம் செய்த அன்று
ஆறு தேநீர்க் கோப்பைகளைப் பற்றி ஒரு வார்த்தை.
கோப்பைக்கு ஒரு வருடமாகப் பேச்சில்லை.
"குளிர்ந்த தோளைக் காட்டிவிட்டாள்" என்றாள்.
நாமானால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.
அவர்கள் தோளைக் காட்டுகிறார்கள்,
அதையும் ஆறவைத்து.

நோரிஸிடம் அதற்கொரு கதை இருந்தது:
அந்தக் காலத்தில் வேண்டாத விருந்தாளிக்கு
முந்தாநாள் ஆட்டுத் தோளைச்
சுடவைக்காமல் பரிமாறுவார்களாம்.
"புளுகாகவும் இருக்கும்" என்றார்,
கியரை மாற்றி, முகம் சுளித்து.
"இருக்கட்டும். நான் பச்சையாகத்தானே கொண்டுபோகிறேன்.
சூடாக்குவதும் ஆக்காததும் அவள் பாடு.
ஆனால் அவளுக்குத் தோளில் எப்போதும் ஒரு மரச்சிராய்,
யார் தட்டிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்."
உங்கள் தோளில் என்ன இருக்கிறது என்று
நோரிஸ் கேட்கவில்லை.

அடுத்த சந்திப்பைத் தாண்டியதும்
சாலைக்குத் தோள் இல்லை.
நெரிசல் என்று சொல்லி
அதையும் ஓடுபாதையாக்கிவிட்டார்கள்.
"இங்கே வண்டி நின்றுவிட்டால்?"
"நின்றதுதான்."
ஓர் அக்டோபர் விடியற்காலையைப் பற்றி
அவர் யாரிடமும் சொல்வதில்லை.
மெரியலிடமும் சொல்லவில்லை.
வைப்பர் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டரைக்கு ஹாலிஃபாக்ஸ்.
மாடி விளக்கு எரிந்தது, பிறகு படிக்கட்டு விளக்கு,
பிறகு கதவு திறந்தது,
சங்கிலி அனுமதித்த அளவுக்கு.
தெருவெல்லாம் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது.
பக்கத்து வீட்டுத் திரை விலகிற்று.
தெல்மா அக்காவைப் பார்க்கவில்லை,
பொட்டலத்தைப் பார்த்தாள்.
"எலும்போடவா?"
"எலும்போடதான்."

தெல்மா தோளைக் குலுக்கினாள்.
எந்த அகராதியும் அதற்கு ஒரே பொருள் சொல்லாது.
போய்த்தொலை என்றும் கொள்ளலாம்,
வந்து தொலை என்றும்.

சங்கிலி கழன்றதா என்று நோரிஸுக்குத் தெரியாது,
எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.
கண்ணாடியை இறக்கி, விடைபெற,
மறதியில் இடது கையைத் தூக்கினார்.
மார்பு உயரம் வரை வந்தது.